ஆற்றங்கரைச் சிற்றூரும் கழிவுநீரும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மதகடிப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தையால் பலரும் அறிந்த ஊர் அது. சோழர் காலத்துக் கற்றளி ஒன்றும் அங்கே உண்டு. அவ்வூரின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: மதகு, அடி, பட்டு. மதகின் அடியில் அமைந்த குடியிருப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஊருக்குள் வரும் நீரை எங்கே நிறுத்துவது, எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் விடுவது என்பவற்றையெல்லாம் நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்தார்கள். மடை, மதகு, கலிங்கு, கால், வாய்க்கால் என அதற்கு எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் ஊரைவிட்டு வெளியேறும் நீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சலதாரை, சாக்கடை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த வெளியேறும் நீரைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பக்கத்து நிலத்தின் அமைப்பை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நாட்டிலேதான் வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் ஊர்களிற் பல இருக்கின்றன. சங்கராபரணி செஞ்சி மலைப்பக்கத்தில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, திருக்காஞ்சிக் கோயிலின் கரையை ஒட்டி வந்து, பின்னர் அரியாங்குப்பத்தாறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரண்டாகப் பிரிந்து கடலை அடைகிறது. தென்பெண்ணையின் நீரோ, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. இந்த ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை புரளும். பங்குனி, சித்திரையில் மணலாகக் கிடக்கும். இந்த ஒரு செய்தியை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரைப் பற்றி மேல்நாட்டார் எழுதிவைத்த விதிகள் நமக்கு எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதெல்லாம் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. அப்படியானால் ஊருக்கு 55,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு குளித்தும், துவைத்தும், பாத்திரம் கழுவியும், கழிப்பறையில் ஊற்றியும் கழிவுநீராக வெளிவரும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே நாள்தோறும் 44,000 லிட்டர் கழிவுநீர். அதை ஓர் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால், ஆயிரம் பங்கில் 999 பங்கு வெறும் தண்ணீராகவே இருக்கும். மிஞ்சிய ஒரு பங்குதான் நம்மை இத்தனை பாடுபடுத்துகிறது!

அந்த ஒரு பங்கு அழுக்கு ஆற்றில் கலந்தால் என்ன ஆகிறது? அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. தின்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அவை எடுத்துக்கொள்கின்றன. மீன் மூச்சுவிட ஏதும் மிஞ்சுவதில்லை. ஆற்றில் மீன் செத்து மிதப்பதற்கு எப்போதும் நஞ்சுதான் காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. பல வேளைகளில் அவை மூச்சடைத்தே சாகின்றன.

ஆதலால் கழிவுநீரின் கேட்டை அளப்பதற்கு அறிவியலார் ஒரு நல்ல அளவுகோலைக் கண்டார்கள். அந்நீரில் உள்ள பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படும் என்பதே அந்த அளவு. உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை என்று அதனைச் சொல்லலாம். இங்கிலாந்தில் இதை 5 நாள் வைத்து அளந்தார்கள். அந்நாட்டு ஆறுகள் மிகச் சிறியவை; எந்த ஆற்றின் நீரும் ஐந்து நாளுக்குள் கடலில் விழுந்துவிடும் என்று அதற்குக் காரணம் கூறுவதுண்டு. நம் நாட்டிலோ வெப்பம் மிகுதி. பாக்டீரியாக்களும் சுறுசுறுப்பு மிகுந்தவை. ஆதலால் இங்கே 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து அளக்கும் வழக்கம் ஏற்பட்டது. வீட்டுக் கழிவுநீருக்கு இந்தத் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். நீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஊரில் அழுக்கு செறிந்து, இது இன்னும் கூடும்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வெப்பநிலையில் நல்ல ஆற்று நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். 250-ஐ 7.5-ஆல் வகுத்தால் 33 வருகிறது. அதாவது ஒரு லிட்டர் கழிவுநீர், 33 லிட்டர் நல்ல நீரின் மூச்சு முழுவதையும் குடித்துவிட வல்லது. நம் ஆயிரம் பேர் ஊரின் 44,000 லிட்டருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 14.5 லட்சம் லிட்டர் ஆற்று நீர் பலியாக வேண்டும். ஆற்றில் நீர் ஓடினால், காற்றிலிருந்து புதிய பிராணவாயு கலந்து இந்த இழப்பு சிறிது சிறிதாக ஈடாகும். ஓடாவிட்டால்?

இங்கேதான் நான் மறவாதீர்கள் என்று சொன்ன செய்தி வருகிறது. இங்கிலாந்தில் 1898 இல் அமைந்த கழிவுநீர் பற்றிய அரச ஆணைக்குழு, 1912 இல் ஒரு விதியை வகுத்தது. சுத்திகரித்து ஆற்றில் விடும் நீரின் பிராணவாயுத் தேவை 20 மில்லிகிராமுக்கும், மிதக்கும் துகள் 30 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது அவ்விதி. உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற விதி இது. ஆனால் அதனோடு ஒட்டிய நிபந்தனை ஒன்று உண்டு: ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீராவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது. சித்திரை மாதத்துச் சங்கராபரணியில் எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது? ஓடை வழியே வந்து சேரும் கழிவுநீர்தான் அப்போது ஆறாக இருக்கிறது. அது ஓடிக் கடலுக்கும் போவதில்லை. மணலில் இறங்குகிறது. அதே மணற்படுகையின் நீரைத்தான் கரையில் உள்ள கிணறுகளும் ஆழ்குழாய்களும் மேலே இழுக்கின்றன. மஞ்சட்காமாலை, குடற்காய்ச்சல், வாந்திபேதி ஆகிய நோய்களின் கிருமிகளுக்கு இது சுற்றுவழியன்று, நேர்வழி. எனவே வற்றும் ஆற்றங்கரையில் வாழும் ஊர், நிறைந்து ஓடும் ஆற்றங்கரையில் வாழும் ஊரைவிடக் கூடுதலான தூய்மையைத் தன் கழிவுநீருக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. சின்ன ஊர்தானே, கொஞ்சம் அழுக்குத்தானே என்று எண்ணுவது தவறான கணக்கு. ஆறும் அல்லவா சின்னது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 இல் நாடெங்கும் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 351 என்று பட்டியலிட்டபோது, புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலிருந்து இரண்டு பெயர்கள் அதில் இருந்தன. ஒன்று காரைக்கால் பக்கத்து அரசலாறு. மற்றொன்று சுண்ணாம்பாறு. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிய பிராணவாயுத் தேவையே அப்பட்டியலில் சேர்ப்பதற்குரிய அளவு.

“எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறதே” என்று சிலர் கேட்கக்கூடும். நல்லது. அந்தத் தொட்டியின் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டில் வெசூல் என்னும் ஊரில், 1860 ஆம் ஆண்டளவில், மூரா என்பவர் தம் வீட்டுக் கழிவு முழுவதும் ஒரு மூடிய கல்தொட்டியில் விழுந்து, மிகையான நீர் மறுபுறம் வழிந்தோடுமாறு அமைத்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, தொட்டி நிறையக் கட்டி மலம் இருக்கும் என்று எண்ணியதற்கு மாறாக, மிகச் சிறிதளவே இருந்தது. காற்றில்லாத இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கரைத்துவிட்டிருந்தன. 1881 இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்தான் இருந்தது. அடுத்து 1895 இல் இங்கிலாந்தில் எக்சீட்டர் நகரத்துக் கேமரன் என்பவர் அமைத்த தொட்டிக்குத்தான் செப்டிக் டேங்க் என்ற பெயர் வந்தது.

தொட்டிக்குள் நிகழ்வது இதுதான்: கனமான பொருள் அடியில் சேறாகப் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே ஆடையாகப் படர்கிறது, இடையிலுள்ள நீர் வெளியேறுகிறது. பார்வைக்கு அந்நீர் சற்றே தெளிந்திருக்கும். ஆனால் பிராணவாயுத் தேவையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் குறைந்திருக்கும். கிருமிகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை மண் செய்ய வேண்டும் என்று அதைக் கண்டவர்கள் கருதினார்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில், தெருவோரக் கால்வாயிலே அந்நீரைத் திறந்துவிட்டால், பாதி வேலை பாதியாகவே நின்றுவிடுகிறது. அடித்தளம் போடாமல் உறை இறக்கிய குழியாக இருந்தாலோ, அந்தப் பாதியும் நிகழ்வதில்லை. அழுக்கு நேரே கிணற்றை நோக்கி இறங்குகிறது.

காற்றில்லாத இடத்தில் வேறொரு பொருளும் பிறக்கிறது. அதை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுதான் அது. சிறிதளவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றத்தால் நம்மை எச்சரிக்கும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே செயலற்றதாக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணும் நொடியில்தான் அது உயிரைப் பறிக்கும். காற்றைவிடக் கனமானதாதலால் பள்ளங்களில் தேங்கி நிற்கும். கழிப்பறைப் பீங்கானின் அடியிலுள்ள வளைகுழாயில் எப்போதும் சிறிது நீர் நிற்கிறதே, அது இந்த வாயுக்களைத் தடுக்கும் கதவு. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற லண்டன் கடிகாரத் தொழிலாளி காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கையளவு நீர்தான், ஆனால் அது இல்லாவிட்டால் வீடும் சாக்கடையும் ஒன்றே. 2024 ஜூன் மாதத்தில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியே வீட்டுக்குள் புகுந்த நச்சுவாயுவால் ஒரு பள்ளிச் சிறுமி உட்படப் பெண்கள் மூவர் உயிரிழந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். குழாய் பதித்துவிட்டால் கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நகரங்களில் கழிவுநீரைக் குழாய் வழியே ஓரிடத்துக்குக் கொண்டுபோய், இயந்திரங்களால் காற்றை ஊதிச் சுத்திகரிக்கிறார்கள். 1914 இல் மான்செஸ்டர் நகரில் கண்டறிந்த முறை அது. அங்கே அந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவ்லர், 1916 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். அம்முறை மிகச் சிறந்தது. ஆனால் காற்று ஊதும் இயந்திரம் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே பாக்டீரியாக்கள் வாடத் தொடங்கும். தேர்ந்த பணியாளரும் வேண்டும். ஆயிரம் பேர் ஊரில் மின்கட்டணமும் பழுதுச் செலவும் தாங்காமல், ஓரிரு ஆண்டுகளில் பூட்டுப் போடும் நிலை எளிதில் நேரும். ஐந்தாறு சிற்றூர்களை ஒரே குழாயில் இணைப்பதும் அவ்வளவு எளிதன்று. சமதரையில் குழாய்க்குச் சரிவு கிடைக்க ஆழம் தோண்டிக்கொண்டே போக வேண்டும். அதன்பின் நீரை மேலேற்ற எக்கிகள் வேண்டும்.

அப்படியானால் சிற்றூருக்கு வழி என்ன? தொலைவில் தேட வேண்டாம். அரியாங்குப்பம் கொம்யூனில், கடலூர் சாலையில், தவளக்குப்பத்துக்குச் செல்லுங்கள். டாக்டர் கோ. வேங்கடசாமி 1976 இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை ஒன்று 2003 முதல் அங்கே நடந்துவருகிறது. நோயாளிகள், துணைக்கு வந்தோர், மருத்துவர், செவிலியர் என எந்நேரமும் ஒரு சிற்றூர்க்குரிய மக்கள்தொகை அங்கே உண்டு. அம்மருத்துவமனையின் கழிவுநீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் லிட்டர், அந்த வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்கிறது. காற்று ஊதும் இயந்திரம் இல்லை. மருந்துச் சரக்கும் இல்லை. ஆரோவில்லைச் சேர்ந்த அறிவியல் ஆராய்ச்சி மையம் இம்முறையை இப்பகுதியில் பரப்புவதில் முன்நின்றது.

இம்முறையில் கழிவுநீர் நான்கு இடங்களைக் கடக்கிறது. முதலாவது, நாம் முன்பு கண்ட மூடிய படிவுத் தொட்டி. இரண்டாவது இடம்தான் நுட்பமானது. நீளமான ஒரு தொட்டியைக் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். நீர் ஒவ்வோர் அறையிலும் அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கே படிந்திருக்கும் சேற்றின் ஊடே மேலேறி, அடுத்த அறைக்கு வழிய வேண்டும். அந்தச் சேறு உயிரற்ற குப்பையன்று. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் குடியிருப்பு. சாதாரணச் செப்டிக் டேங்கில் நீர் அவர்களுடைய தலைக்கு மேலே ஓடிப்போய்விடுகிறது. இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போகிறது. கடைசிச் சில அறைகளில் கருங்கல் ஜல்லியை நிரப்பிவைத்தால், கல்லின் மேற்பரப்பிலும் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். ஒரு நாள் அளவில் இப்படி ஏறி இறங்கி வெளிவரும்போது, பிராணவாயுத் தேவையில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் குறைந்துவிடுகிறது. வெப்பம் மிகுந்த நாட்டில் இந்த வேலை விரைந்து நடக்கும். வெயிலைக் குறைகூறியே பழகிய நமக்கு, இதில் மட்டும் ஐரோப்பியர் நம்மைக் கண்டு பொறாமைப்படலாம்!

மூன்றாவது, ஜல்லிப் பாத்தி. முழங்கால் ஆழத்துக்குச் சற்று மேற்பட்ட குழியில், அடியில் நீர் கசியாதபடி தளமிட்டு, ஜல்லியை நிரப்பிக் கல்வாழையோ நாணலோ நடுகிறார்கள். நீர் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழாகவே ஓடும், கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் கொசு முட்டையிட இடமில்லை. வேர்கள் சிறிதளவு பிராணவாயுவைக் கீழே கொண்டுசேர்க்கின்றன, காற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பொறுப்பேற்கின்றன, நாற்றம் நீங்குகிறது. செருமனியில் கேத்தே சைடல் என்ற பெண் அறிவியலார் 1950-களில் நாணலைக்கொண்டு செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. நான்காவது, வானம் பார்த்த ஆழமில்லாத குளம். அங்கே வெயில் கிருமிகளைக் கொல்கிறது. பாசி பிராணவாயுவை ஊட்டுகிறது. கொசுப்புழுவைத் தின்னச் சிறு மீன்களை விட்டுவைக்கலாம். குளத்து நீரை மரத்துக்கும், தென்னைக்கும், தீவனப் புல்லுக்கும் பாய்ச்சலாம். குடிக்கலாகாது, பச்சையாகத் தின்னும் காய்கீரைக்கும் ஆகாது.

நிலம் எவ்வளவு வேண்டும்? ஜல்லிப் பாத்திக்குத் தலைக்கு ஒரு சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்குக் கால் ஏக்கர். புதுச்சேரிக் கணக்கில் ஏறக்குறைய 19 குழி. படிவுத் தொட்டிகள் மண்ணுக்கடியில் இருப்பதால் அவற்றின்மேல் நடைபாதையோ திடலோ அமைக்கலாம். சாலையோரத்தில் மனைவிலை ஏறிவரும் ஊர்களில் இந்த 19 குழி பெரிய தடையாகத் தோன்றலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புறம்போக்கில் ஓரிடத்தை ஒதுக்குவதும், பல கிலோமீட்டர் குழாயும் எக்கிகளும் வாங்குவதும் எது மலிவு என்பதை ஊரார் ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

இம்முறைக்கு வேலையே இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். முகப்பிலுள்ள கம்பிவலையில் சிக்கும் துணியையும் நெகிழித் தாளையும் அடிக்கடி அகற்ற வேண்டும். பாத்தியில் செடிகளைக் கத்தரிக்க வேண்டும். சில ஆண்டுகளில் ஜல்லி அடைத்துக்கொண்டால் எடுத்துக் கழுவ வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, தொட்டியின் சேற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை வாங்குவது. இதை மறந்த தொட்டி, வெறும் வழித்துளையாகிவிடும். அந்தச் சேற்றை வாங்குவதற்கு மனிதரைத் தொட்டிக்குள் இறக்கலாகாது. பாதுகாப்புக் கருவிகளின்றி இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், மேலே சொன்ன வாயுவின் இயல்பை அறிந்தவர் எவரும் அதைச் செய்யமாட்டார். உறிஞ்சுகுழாய் பொருத்திய லாரியே அதற்குரியது. லாரி அந்தச் சேற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதும் ஊரார் கேட்க வேண்டிய கேள்வி. இருட்டிய பின் ஏரிக்கரையில் திறந்துவிட்டால், இவ்வளவு பாடும் வீண். செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017 இல் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. சேற்றை மணற்பாத்திகளில் பரப்பி உலர்த்துகிறார்கள். வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கிறார்கள். நான்கைந்து சிற்றூர்களுக்குப் பொதுவாக இத்தகைய பாத்திகள் இருந்தால் போதும். நீரைத்தான் ஊருக்கு ஊர் சுத்திகரிக்க வேண்டும். சேற்றை லாரி ஏற்றிக்கொண்டு போகலாம்.

மதகடிப்பட்டு போன்ற சந்தை ஊருக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. சந்தை நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளின் சாணமும் மூத்திரமும் தரையில் சேர்கின்றன. ஒரு மாட்டின் கழிவில் உள்ள பிராணவாயுத் தேவை, ஓர் ஆளுடையதைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. அதை நீர் ஊற்றிக் கழுவிச் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் தள்ளினால், ஆறு நாள் அமைதியாக வேலை செய்த பாக்டீரியாக்கள் ஏழாம் நாள் திணறிப்போகும். சாணத்தை முதலில் உலர்ந்த நிலையிலேயே வாரியெடுத்து எருக்குழிக்கு அனுப்பிவிட வேண்டும். துடைப்பமும் கூடையும் செய்யக்கூடிய வேலையைத் தண்ணீரிடம் விடக்கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்ணீர் தானாகவே ஓடிவர வேண்டும் என்பதற்காக ஊரின் தாழ்ந்த மூலையில், ஆற்றோரமாகவே இதை அமைக்கத் தோன்றும். 2024 நவம்பர் 30 இல் கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த நாட்களில் சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் பெருகியது; பாகூர் கொம்யூனின் ஊர்கள் பல நீரில் நின்றன. அப்படிப்பட்ட வெள்ளம் பாத்திக்குள் புகுந்தால், ஜல்லியில் வண்டல் அடைந்து, சேர்த்துவைத்த சேறெல்லாம் ஊருக்குள்ளே திரும்பிவரும். அந்த வெள்ளம் தத்தம் ஊரில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைப் பெரியவர்கள் காட்டுவார்கள். தொட்டியின் மூடியும் பாத்தியின் கரையும் அந்த அடையாளத்துக்கு ஒரு முழமாவது மேலே இருக்க வேண்டும்.